பெருசு

பெரியகுளத்துக்காரனுக்கு மே மாதம் என்றால் பகலில் மாங்காய் வாசனை, ராத்திரியில் பேஸ்கட்பால் சத்தம். கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில், வராக நதியை ஒட்டி இருக்கும் அந்தச் சின்ன ஊருக்குக் கோடை விடுமுறையில் இந்தியா முழுவதிலுமிருந்து அணிகள் வந்து இறங்கும். சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி அது. ரயில்வே வரும், ராணுவம் வரும், கடற்படை வரும், சென்னையிலிருந்து வங்கி அணிகள் வரும். ஆறரை அடி ஆட்கள் லுங்கியோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடை சாப்பிடுவதை நாங்கள் தள்ளி நின்று வாய் பார்ப்போம்.

என்னை அந்த மைதானத்துக்குக் கூட்டிப்போனவர் பெரியப்பா. மாங்காய் மண்டியில் கணக்கு எழுதியவர். வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பந்தைக் கையில் எடுத்ததில்லை. ஆனால் மே மாத ராத்திரிகளில் கணக்கை முடித்துவிட்டு, சட்டையில் ஒட்டிய வைக்கோல் துணுக்கைக்கூடத் தட்டாமல் வந்து, நடுக்கோட்டுக்கு நேராக மேல்படியில் உட்கார்ந்துவிடுவார். கீழே இடம் இருந்தாலும் போகமாட்டார். "கீழ ஒக்காந்தா காலுதான்டா தெரியும், ஆட்டம் தெரியாது" என்பார்.

1994-ல் எனக்குப் பதின்மூன்று வயது. அந்த வருடம் ஒரு வங்கி அணியில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டாக ஆடியவருக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். இரண்டு முட்டியிலும் நீகேப். முன்நெற்றி ஏறியிருந்தது. பகலெல்லாம் கவுன்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற ஆள் என்று யாராவது சொன்னால் நம்பலாம். ஊர்க்காரர்கள் அவருக்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள்: பெருசு.

எதிரே இளம் பையன்கள் நிறைந்த அணி. பந்து கிடைத்ததும் அம்பு மாதிரி பறந்தார்கள். பெருசு கையில் பந்து வந்தால் ஆட்டம் நின்றுவிட்டது போல இருக்கும். பந்தைத் தட்டிக்கொண்டே நடந்து வருவார். அப்போது சர்வதேச விதிப்படி 30 வினாடிக்குள் பந்தை எறிய வேண்டும். இப்போதுள்ள 24 வினாடி 2000-க்குப் பிறகு வந்தது. அந்த முப்பதில் இருபத்தைந்தை அவரே தின்றுவிடுவார். கூட்டத்தில் விசில் பறந்தது. நானும் எழுந்து நின்று, "பெருச வெளிய எடுங்கய்யா" என்று கத்தினேன்.

பெரியப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "பந்தப் பாக்காதடா. பந்து எங்கயும் ஓடிப் போயிராது. பெருச பாரு."

பார்த்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. சலித்துப்போய்த் திரும்பவும் பந்தையே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வங்கி அணி ஜெயித்தது. எப்படி ஜெயித்தது என்று எனக்கு விளங்கவில்லை. பெருசு மொத்தத்தில் மூன்று பேஸ்கட்கூடப் போட்டிருக்கமாட்டார்.

இரண்டு வருடம் கழித்து நானும் எங்கள் பள்ளி அணியில் பாயிண்ட் ஆடினேன். என்னிடம் இருந்தது வேகம் ஒன்றுதான். மண்டல இறுதிப் போட்டியில் நான்கு புள்ளி முன்னால் இருந்தோம், இரண்டு நிமிடம் பாக்கி. நான் ஓடினேன். யாரும் ஓடச் சொல்லவில்லை, கால் ஓடியது. என்னோடு ஓடிவர ஆள் இல்லாமல் தனியாக மூன்று பேருக்கு நடுவே போய்ப் பந்தைப் பறிகொடுத்தேன். அடுத்த முறையும் அதையே செய்தேன். ஒரு புள்ளியில் தோற்றோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது எங்கள் சென்டர் பையன், "நாலு நிமிசமா நான் பந்தத் தொடவே இல்லடா" என்று மட்டும் சொன்னான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

2007-ல் வேலை என்னை டெக்சஸில் கொண்டுபோய்விட்டது. டல்லாஸை ஒட்டிய இர்விங். அதில் வேலி ராஞ்ச் என்ற பகுதி. மாடிப்படியில் சாம்பார் வாசனை வராத அடுக்ககம் அங்கே குறைவு. ஊர்க்காரர்கள் கிரிக்கெட்டுக்கு விடிய விடிய விழித்திருந்தபோது நான் டல்லாஸ் மேவரிக்ஸ் பேஸ்கட்பால் அணிக்கு அடிமையானேன். 2006-ல் இறுதித் தொடரில் மயாமியிடம் 2-0 என்று முன்னால் இருந்து தோற்ற அணி. 2007-ல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்துவிட்டு, முதல் பிளே ஆஃப் சுற்றிலேயே கோல்டன் ஸ்டேட்டிடம் மண்ணைக் கவ்விய அணி. நெருங்கி நெருங்கித் தோற்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஏழடி ஜெர்மன்காரர் டர்க் நொவிட்ஸ்கி இல்லை. டெவின் ஹாரிஸ். 24 வயது பாயிண்ட் கார்டு. ஒரு ரிங்கிலிருந்து இன்னொரு ரிங்குக்கு அவர் ஓடுவதைப் பார்த்தால் எனக்குப் பதினைந்து வயது திரும்பி வரும். 2008 பிப்ரவரியில் அவரை நியூ ஜெர்சிக்கு அனுப்பிவிட்டு, அதோடு புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளையும் கொடுத்து, ஜேசன் கிட்டை வாங்கினார்கள். கிட்டுக்கு அப்போது 34 வயது. ஒரு மாதத்தில் 35.

இளங்கன்றைக் கொடுத்துக் கிழமாட்டை வாங்கிவிட்டார்கள் என்று அலுவலகத்தில் புலம்பித் தீர்த்தேன். அந்த ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ் அணியின் கிறிஸ் பால் அவரைச் சுற்றிச் சுற்றி ஓட, முதல் சுற்றிலேயே 4-1 என்று வெளியே போனோம். அடுத்த வருடம் ஹாரிஸ் நியூ ஜெர்சிக்காக ஆல் ஸ்டார் ஆனார். என் புலம்பலுக்குக் கணக்குப் புத்தகம் முழுக்கச் சாட்சி கிடைத்தது.

கிட்டின் பழைய வரலாறு எனக்குத் தெரியாமல் இல்லை. 1994-ல் இதே டல்லாஸ்தான் அவரை டிராஃப்டில் இரண்டாவது ஆளாக எடுத்தது. பிறகு ஃபீனிக்ஸ், பிறகு நியூ ஜெர்சி. எதற்கும் உதவாது என்று எல்லோரும் கைவிட்ட நியூ ஜெர்சியை 2002, 2003 இரண்டு வருடமும் இறுதித் தொடருக்குக் கொண்டுபோய், இரண்டிலும் தோற்றார். ஜம்ப் ஷாட் வராது என்பதால், ஜம்பில் உள்ள 'ஜே' எழுத்தைப் பெயரிலிருந்து பிடுங்கிவிட்டு 'ஏசன் கிட்' என்று கேலி செய்வார்கள். எல்லாம் சரி, ஒரு காலத்தில் பெரிய ஆள். இப்போது என்ன? என் கேள்வி அதுதான்.

மனம் முதன்முதலாக அசைந்தது 2010 பிப்ரவரியில், அட்லாண்டாவோடு நடந்த ஒரு ஆட்டத்தில். கடைசி நிமிடங்கள், ஆட்டம் இழுபறி. கிட் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டிப் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறார். அட்லாண்டாவின் பயிற்சியாளர் மைக் உட்சன் தன் ஆட்களுக்குக் கத்திக்கொண்டே கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் வந்து நின்றுவிட்டார். கிட் விலகவில்லை. நேராகப் போய் அவர் மேலேயே மோதினார். ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் களத்துக்குள் நிற்கக் கூடாது. நடுவர் விசிலடித்து டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார். டல்லாஸுக்கு இலவச வீச்சு. ஓவர்டைமில் ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தில் அவர் 19 புள்ளி, 16 ரீபவுண்ட், 17 அசிஸ்ட் எடுத்ததை மறுநாள்தான் கவனித்தேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க என் மனதில் ஓடியது அந்த மோதல்தான். ஓடிக்கொண்டிருக்கும் பத்துப் பேரையும் பார்த்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி நிற்கிற பதினோராவது ஆளின் காலையும் பார்க்கிற கண் அது. ஊருக்கு போன் செய்து பெரியப்பாவிடம் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். "பெருசுடா அது" என்றார்.

பதினாறு வருடம் கழித்து அந்தச் சொல் திரும்பக் காதில் விழுந்தது.

2011 மார்ச்சில் ஒரு நாள் வேலை முடிந்து டிஆர்இ ரயில் பிடித்து விக்டரி ஸ்டேஷனில் இறங்கி, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சென்டர் அரங்கின் மூன்றாம் அடுக்கில் உட்கார்ந்தேன். விலை குறைந்த டிக்கெட். ஆட்டக்காரர்களின் முகம் தெரியாது, எண்தான் தெரியும். 41 நொவிட்ஸ்கி, 31 ஜேசன் டெரி, 2 கிட். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: இது பெரியப்பாவின் மேல்படி. சரி என்று, அன்றைக்கு முழு ஆட்டமும் பந்தை விட்டுவிட்டு இரண்டாம் எண்ணை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கால் மணி நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு மெல்லத் தெரிய ஆரம்பித்தது, இருட்டுக்குக் கண் பழகுவது போல.

அவர் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டும்போது எதிரணியைப் பார்க்கவில்லை, தன் ஆட்களைப் பார்த்தார். ஒருவன் இரண்டடி தள்ளி நின்றால் விரலால் ஒரு சின்ன சைகை. அவன் நகர்ந்த பிறகுதான் அடுத்த அடி. சென்டர் டைசன் சாண்ட்லர் ரீபவுண்டுக்காகக் கீழே கிடந்து எழுந்து, மூச்சு வாங்க இந்தப் பக்கம் ஓடிவந்த ஒவ்வொரு தடவைக்கும் பிறகு, அடுத்த ஒன்றிரண்டு முறைக்குள் ரிங்குக்கு மேலே அவருக்கென்று ஒரு பந்து தூக்கிப் போடப்பட்டது. ஓடியதற்குக் கூலி. கூலி கிடைத்த சென்டர் அடுத்த முறையும் ஓடுவார். என் பள்ளி சென்டர் பையன் பஸ்ஸில் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

இன்னொன்று. கிட் கொடுத்த பந்து நேராகப் பேஸ்கட்டுக்குப் போவது குறைவாக இருந்தது. அவர் கொடுப்பார், வாங்கியவன் உடனே இன்னொருவனுக்குக் கொடுப்பான், அவன் போடுவான். கணக்கேட்டில் அசிஸ்ட் நடுவில் இருந்தவனுக்கு. பூட்டைத் திறந்தது முதல் பாஸ். அந்தப் பாஸுக்கு ஏட்டில் கட்டம் கிடையாது. தப்பான இடத்தில் பந்து கேட்டவனுக்குக் கொடுக்காமல் விட்டதற்கும் கட்டம் கிடையாது. கால் பகுதி முடிய முப்பத்தைந்து வினாடி இருக்கும்போது இப்போதே எறிந்தால் எதிரணி 24 வினாடி தின்ற பிறகும் நமக்கு இன்னொரு தடவை கிடைக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்து வேகத்தை மாற்றியதற்கும் கிடையாது. அந்த சீசனில் அவருடைய சராசரி 8 புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு, 8 அசிஸ்டுக்குக் கொஞ்சம் அதிகம். எறிந்த நூற்றில் முப்பத்தாறுதான் உள்ளே போனது. இந்த மாதிரி எண்களை வைத்துக்கொண்டு மூன்று வருடம் நான் அவரை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு எழுதிப் பிழைத்த பெரியப்பா ஏட்டை நம்பாமல் படியில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். கணக்கே எழுதாத நான் ஏட்டை நம்பினேன்.

நான்காம் பகுதியில் அவர் பெரும்பாலும் ஒரு மூலையில் சும்மா நின்றார். டெரியும் நொவிட்ஸ்கியும் மறுபக்கம் இரண்டு பேர் ஆட்டம் ஆடினார்கள். சும்மா நிற்கிறார் என்றுதான் தொலைக்காட்சியில் பார்த்தபோதெல்லாம் நினைத்திருந்தேன். மேலிருந்து பார்த்தால் அவரைக் காத்துக்கொண்டிருந்த ஆள் அங்கேயே கட்டிப்போட்டது போல நின்றான். நொவிட்ஸ்கியை நோக்கி உதவிக்கு ஓட அவனுக்குக் கால் வரவில்லை. ஏனென்றால், ஜம்ப் ஷாட் வராது என்று கேலி செய்யப்பட்ட மனிதர் முப்பதைத் தாண்டிய பிறகு மூன்று புள்ளி எறிவதைச் சீர்படுத்திக்கொண்டார். 2009-10 சீசனில் நூற்றுக்கு 42-க்கு மேல் போட்டார். ஓய்வு பெறும்போது கணக்கு 1,988. வேகம் போன பிறகும் களத்தில் நிற்க வேண்டுமென்றால் என்ன வேண்டும் என்று யோசித்து, அதைச் செய்து முடித்திருக்கிறார். இதை எழுதும்போது இன்றும் எனக்கு நெஞ்சு விம்முகிறது. நான் அந்த வயதுக்கு வந்துவிட்டதால் இருக்கலாம்.

பிளே ஆஃபில் முதல் எதிரி போர்ட்லாண்ட். முதல் ஆட்டத்தில் 38 வயதுக்காரர் ஆறு மூன்று புள்ளி வீச்சுகளோடு 24 புள்ளி எடுத்தார். நான்காவது ஆட்டத்தில், கடைசிப் பகுதி தொடங்கும்போது 18 புள்ளி முன்னால் இருந்து, பிராண்டன் ராயிடம் பறிகொடுத்து 84-82 என்று தோற்றார்கள். அன்றைக்கு அவராலும் தடுக்க முடியவில்லை. பழைய டல்லாஸ் திரும்பி வந்துவிட்டது என்று தூக்கம் வராமல் கிடந்தேன். ஆனால் அதற்கடுத்த இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். அடுத்த சுற்றில் முந்தைய இரண்டு வருடச் சாம்பியன் லேக்கர்ஸை 4-0 என்று துடைத்துப் போட்டார்கள்.

நான் மறக்காத ராத்திரி மே 23. அதற்கடுத்த சுற்றில், ஓக்லஹோமா சிட்டியில் நான்காவது ஆட்டம். ஐந்து நிமிடம் பாக்கி, 15 புள்ளி பின்னால். என் வீட்டில் கூடியிருந்த நண்பர்கள் இரண்டு பேர், காலையில் ஆபீஸ் இருக்கிறது என்று செருப்பை மாட்டினார்கள். எதிரணியில் டுரன்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன். மூவருக்கும் வயது இருபத்திரண்டைத் தாண்டவில்லை. நான் கிட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து புள்ளி பின்னால் இருக்கிற அணியின் பாயிண்ட் கார்டு எப்படி ஓடுவான் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் தலைகுனிந்து வந்தவன் நான். அவர் ஓடவில்லை. முதல் பகுதியில் எப்படி வந்தாரோ அதே நடையில் வந்தார். பந்தை நொவிட்ஸ்கிக்கு எங்கே வாங்கினால் பிடிக்குமோ அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், திரும்பத் திரும்ப. எதிரே இருந்த பையன்கள்தான் அவசரப்பட்டார்கள். 101-101. ஓவர்டைம். அதில் சமநிலையில் நாற்பது வினாடி இருக்கும்போது கிட் எறிந்த மூன்று புள்ளி உள்ளே விழுந்தது. 112-105. நொவிட்ஸ்கி 40 புள்ளி. மறுநாள் எல்லாத் தாளிலும் அவர் படம்தான். தகுதியான படம்தான். செருப்பு மாட்டிய இருவரும் கதவருகிலேயே நின்று கடைசிவரை பார்த்தார்கள்.

இறுதித் தொடரில் மயாமி. லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிறிஸ் போஷ். இரண்டாவது ஆட்டத்தில் மறுபடியும் 15 புள்ளி பின்னால், ஏழு நிமிடம் பாக்கி. மறுபடியும் அதே நடை. 95-93 என்று ஜெயித்தார்கள். தன்னைவிட ஏறத்தாழ ஒன்பது வயது இளைய வேடுக்கும், சில நேரம் லெப்ரானுக்கும் எதிரே கிட் போய் நின்றார். அவர்களோடு ஓடிப் பிடிக்க அவரால் முடியாது. அவர்கள் போக நினைத்த இடத்தில் முன்னாலேயே போய் நின்றுகொண்டார். ஐந்தாவது ஆட்டத்தில் ஒன்றரை நிமிடம்கூட இல்லாதபோது இன்னொரு மூன்று புள்ளி. ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை, மயாமியில் ஆறாவது ஆட்டம் 105-95. பதினேழாவது சீசனில் அவருக்கு முதல் சாம்பியன் பட்டம்.

இர்விங்கில் ராத்திரி, பெரியகுளத்தில் திங்கட்கிழமை காலை. பெரியப்பாவை அழைத்தேன். மண்டியில் இரைச்சல்.

"ஜெயிச்சுட்டோம் பெரியப்பா."

"பெருசு எத்தன போட்டாரு?"

"பத்துகூட இல்ல."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு, கடைசி ரெண்டு நிமிசம்?"

யோசித்துப் பார்த்தேன். "சாதாரணமா இருந்துச்சு பெரியப்பா. பேங்க்ல வேல பாக்குற மாதிரி."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தாளு ரிட்டையர் ஆயி ரொம்ப நாளாச்சுடா" என்றார். வங்கி அணிப் பெருசைச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு கணம் ஆனது. ஒரு மே மாத ஆட்டத்தைப் பதினேழு வருடமாக அவர் கூடவே வைத்திருந்திருக்கிறார்.

2012 மே மாதம் ஊருக்கு வந்தேன். பெரியப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போக வேண்டும். சீசன் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். ஆனாலும் ராத்திரி மைதானத்துக்குப் போயே தீர வேண்டும் என்றார். கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றி, நடுக்கோட்டுக்கு நேராக உட்கார வைத்தேன். விளக்கு வெளிச்சமும் நிறங்களும்தான் அவருக்குத் தெரிந்தன.

ஆட்டம் ஆரம்பித்ததும் நான் வர்ணனை சொல்லத் தொடங்கினேன். பந்து இவன்கிட்ட, இப்ப அவன்கிட்ட என்று. கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பந்த விடு. பாயிண்ட் ஆடுறவன் எங்க நிக்கிறான்? அத மட்டும் சொல்லு."

"வலது பக்கம், மூணு புள்ளிக் கோட்டுக்கு வெளிய."

"என்ன பண்றான்?"

"பந்தத் தட்டிக்கிட்டே நிக்கிறான். எடது கையத் தூக்கி யாரையோ கூப்புடுறான்."

"சென்டர் மேல வந்துருப்பானே?"

"வந்துட்டான்."

"அப்ப ரிங்குக்குக் கீழ எடம் காலியா இருக்கும். எடது மூலையில இருக்கவன் உள்ள ஓடுறானா பாரு."

இடது மூலையைப் பார்த்தேன். எங்கள் மாவட்டத்துப் பையன் ஒருவன், தன்னைக் காத்து நின்றவனின் முதுகுக்குப் பின்னால் நழுவி உள்ளே ஓடிக்கொண்டிருந்தான்.